ஹமாதா ஷோஜி

ஹமாதா ஷோஜி (1894–1978): ஜப்பானியக் குயவர், பெயரறியாத நாட்டுப்புறக் கைவினைஞர் வனைந்த அன்றாடக் கலங்களின் அழகை நவீன உலகுக்கு உணர்த்திய ‘மிங்கேய்’ இயக்கத்தின் மூலவர் மூவருள் ஒருவர். மட்கலத் தொழிலை விஞ்ஞான முறையில் கற்றுத் தேர்ந்த பின்னர், அவ்வறிவின் பெரும்பகுதியை ஒதுக்கிவைத்து, ஒரு சிற்றூரின் மண்ணும் கல்லும் சாம்பலும் தரக்கூடியவற்றைக் கொண்டே தம் கலையை அமைத்துக்கொண்டார் என்பதே இவர் வரலாற்றின் சாரம்.

கல்வியும் பரிசோதனைகளும்: கவாசாகியில் பிறந்த ஹமாதா, இளமையில் ஓவியராக விரும்பிப் பின்னர் மக்களுக்குப் பயன்படும் பொருள்களைச் செய்யும் தொழிலே தமக்கு உகந்தது எனத் தெளிந்து, 1913இல் டோக்கியோ உயர்தரத் தொழிற்கல்லூரியில் சேர்ந்தார். அங்கு அவருடைய ஆசிரியராக இருந்தவர் பிரசித்தி பெற்ற மட்கலக் கலைஞர் இதாயா ஹஸான். நுட்பமான பீங்கான் வேலைப்பாட்டில் நிகரற்ற அவ்வாசிரியரின் இல்லத்தில், மாஷிகோ என்னும் ஊரில் செய்யப்பட்ட, விலை குறைந்ததும் மலைக்காட்சி தீட்டப்பெற்றதுமான தேநீர்க் கெண்டி ஒன்றைக் கண்டு, அதன் எளிமையில் மாணவர் மனத்தைப் பறிகொடுத்தார். 1916இல் பட்டம் பெற்றதும், கியோட்டோ நகராட்சியின் மட்கல ஆராய்ச்சிச் சாலையில் தம் கல்லூரித் தோழர் கவாய் கன்ஜிரோவுடன் பணியேற்றார். கலத்தின்மேல் பூசிச் சுட்டால் கண்ணாடிபோல் உருகிப் படியும் மெருகுப் பூச்சுகளை இவ்விருவரும் அங்கே ஏறத்தாழ 10,000 வகையில் கலந்து பரிசோதித்தனர் என்று கூறுவர். எந்த உலோகம் எவ்வெப்பத்தில் எந்நிறம் தரும் என்பதை இவ்வளவு விரிவாக அறிந்த குயவர் அக்காலத்தில் வெகு சிலரே.

இங்கிலாந்தில்: அப்போது ஜப்பானில் வாழ்ந்த ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச்சுடன் ஏற்பட்ட நட்பினால், 1920இல் அவருடன் கப்பலேறிக் கார்ன்வால் கடற்கரையிலுள்ள செயின்ட் ஐவ்ஸ் நகரை ஹமாதா அடைந்தார். மேலைநாட்டில் அதுவரை இல்லாத, ஜப்பானிய முறைப்படி சரிவில் படிப்படியாக ஏறும் அறைகள் கொண்ட விறகுச் சூளையை இருவரும் அங்கே கட்டினர். பழைய ஆங்கிலக் குயவர், குழம்பாகக் கரைத்த மண்ணை ஊற்றி அலங்கரித்த தட்டுகளையும் குடுவைகளையும் ஹமாதா ஆர்வத்துடன் ஆராய்ந்தார். டிட்ச்லிங் கிராமத்தில் நெசவாளர்களும் எழுத்தோவியரும் பட்டணத்தை விட்டு வந்து, தொழிலையும் வாழ்க்கையையும் ஒன்றாக்கி வாழ்ந்த முறை, கைவினைஞன் வேரூன்ற வேண்டிய இடம் கிராமமே என்னும் உறுதியை அவருக்கு அளித்தது. 1923இல் லண்டனில் தம் கலங்களைக் காட்சிக்கு வைத்துப் பாராட்டுப் பெற்ற அவர், அவ்வாண்டு டோக்கியோவைப் பாழாக்கிய பெருநிலநடுக்கத்தின் செய்தி எட்டியபின் தாயகம் திரும்பினார்.

மாஷிகோ வாழ்க்கை: டோக்கியோவுக்கு வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மாஷிகோ, 1853 முதல் சமையற் கலங்களும் தண்ணீர்ச் சாடிகளும் செய்துவந்த ஊர். 1924இல் அங்குச் சென்ற ஹமாதா, ஊராருக்குத் தொழிலைக் கற்பிக்க வந்தவராகத் தம்மைக் கருதாமல், அவர்களிடம் கற்க வந்தவராகவே ஒழுகினார். 1930இல் பழைய குடியானவர் வீடொன்றைப் பெயர்த்துக் கொணர்ந்து தம் நிலத்தில் நிறுவி, அதைச் சூழப் பட்டறையும் சூளைகளும் அமைத்தார்.

அவருடைய அன்றாட வேலை இவ்வூர்ச் சம்பிரதாயத்தைத் தழுவியதே. மேடையில் சம்மணமிட்டு அமர்ந்து, நம் நாட்டுக் குயவர் செய்வது போலவே சக்கரத்தைக் கோலால் சுழற்றிவிட்டு, அது ஓயுமுன் ஒரு பெரிய மண்திரளின் உச்சியிலிருந்து கிண்ணங்களை ஒன்றன்பின் ஒன்றாக வனைந்து அறுத்தெடுப்பார். மாஷிகோவின் களிமண் சொரசொரப்பானது. மெல்லிய சுவர்களுக்கு இடங்கொடாதது. வேறு மண்ணைத் தேடாமல், அம்மண்ணின் இயல்புக்கு ஏற்பத் தடித்த, கனமான, உறுதியான உருவங்களை அவர் கண்டார். மெருகுகளும் அவ்வாறே சிலவாகச் சுருங்கின: உள்ளூர்க் கல்லைப் பொடித்துச் செய்த, பழுத்த பெர்சிமன் கனியின் செம்பழுப்பு நிறமுடைய பூச்சு, அதனுடன் மரச்சாம்பல் சேர்த்த கருமை, நெல் உமியின் சாம்பலால் வரும் பால்வெண்மை, செம்பு தரும் பச்சை. ஆயிரக்கணக்கான கலவைகளை அறிந்தவர் இச்சிலவற்றோடு அமைந்தது அறிவை மறுத்ததாகாது; ஒவ்வொன்றின் ஆழத்தையும் ஆயுள் முழுவதும் காண்பதற்காகவே அவர் அகலத்தைக் கைவிட்டார். எனினும் பரிசோதனை அவரை விட்டு நீங்கவில்லை; அறுபது வயதையொட்டி, சூளையில் உப்பைத் தூவி மெருகேற்றும் முறையையும் கையாளத் தொடங்கினார்.

ஒக்கினாவாத் தீவின் சுபோயாக் குயவரிடையே தங்கி வேலை செய்த காலத்தில் கண்ட கரும்பு, சில தூரிகை வீச்சுகளாகச் சுருங்கி, அவர் வாழ்நாள் முழுவதும் சலியாமல் தீட்டிய கோலமாயிற்று. பெரிய தட்டுகளின்மேல் அகப்பையால் மெருகை வீசி ஊற்றும் அவருடைய முறை பிரசித்தமானது. பதினைந்து விநாடிகளில் முடியும் இவ்வலங்காரத்தைக் கண்டு வியந்தவரிடம், அதன் பின்னே அறுபது ஆண்டுகளும் உள்ளன என்ற கருத்துப்பட அவர் விடையளித்தார் என்பர். எட்டு அறைகள் கொண்ட சூளையை விறகிட்டு எரிக்கும்போது ஒவ்வொரு கலத்தின் விதியையும் குயவன் நிர்ணயிக்க இயலாது. தீயின் பங்கையும் உதவியாளரின் பங்கையும் மனமுவந்து ஏற்ற அவர், செயின்ட் ஐவ்ஸை விட்டு வந்தபின் தம் கலங்களில் முத்திரை பதிப்பதையே நிறுத்திவிட்டார்.

புகழும் வழித்தோன்றல்களும்: மற்ற இரு மூலவர்களான யானகி சோயெட்சு, கவாய் ஆகியோருடன் ஹமாதா வளர்த்த மிங்கேய் இயக்கத்தின் பயனாக 1936இல் டோக்கியோவில் ஜப்பானிய நாட்டுப்புறக் கலைக்கூடம் திறக்கப்பட்டது; யானகி 1961இல் மறைந்தபின் அதன் தலைமைப் பொறுப்பை ஹமாதா ஏற்றார். 1952இல் யானகி, லீச் ஆகியோருடன் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்து வனைந்து காட்டியமை அந்நாட்டு இளங்குயவர் பலருக்கு ஊக்கமளித்தது. 1955இல் ஜப்பானிய அரசாங்கம் அவரை ‘வாழும் தேசியச் செல்வம்’ என அறிவித்தது. 1968இல் பண்பாட்டு விருது அளித்தது. அவரிடம் பயின்ற ஷிமாவோகா தட்சுசோ 1996இல் அதே தேசியச் சிறப்பை அடைந்தார். வீட்டுச் சாடிகள் செய்த மாஷிகோ, உலகெங்குமிருந்து குயவர் நாடி வரும் தலமாயிற்று.

1977இல், மறைவதற்குச் சில மாதங்கள் முன்பு, தம் இல்லத்தின் ஒரு பகுதியையே ஹமாதா பொருட்காட்சிசாலையாகப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தார். தமக்குக் கண்ணும் கையும் தந்த பல நாட்டுக் கலங்களையும் துணிகளையும் மரச்சாமான்களையும், பெரும்பாலும் பெயர் தெரியாதோர் செய்தவற்றை, அங்கே வைத்தார். தாம் யாரிடம் கற்றாரோ அவர்களிடமே பிறரும் நேரே கற்கட்டும் என்பது அவ்வேற்பாட்டின் நோக்கம்.