வளர்ச்சித் திட்டங்களின் கண்காணிப்பும் மதிப்பீடும்: இந்தியா

இந்தியாவில் அரசுத் திட்டங்களை மதிப்பிடும் வழக்கம், நாட்டின் முதல் பெரிய ஊரக வளர்ச்சி முயற்சியோடு சேர்ந்தே பிறந்தது. 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் 55 பகுதிகளில் தொடங்கப்பட்டது. அதே மாதத்தில், அதன் பலனை ஆராய்வதற்கென்று திட்டக் குழுவின்கீழ் திட்ட மதிப்பீட்டு அமைப்பு நிறுவப்பட்டது. திட்டத்தை நடத்துபவர்கள் ஒருபக்கமும் அதை எடைபோடுபவர்கள் மறுபக்கமும் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அதன் அமைப்பிலேயே இருந்தது. விடுதலை பெற்று ஐந்தே ஆண்டுகளான ஒரு நாட்டுக்கு இது துணிச்சலான ஏற்பாடு. மக்கள் பங்கேற்பு எதிர்பார்த்த அளவுக்கு இல்லை என்பதை அந்த அமைப்பின் தொடக்ககால அறிக்கைகளே வெளிப்படையாக எழுதின. 1957இல் பல்வந்த்ராய் மேத்தா குழுவும் இதே குறையைக் கண்டு, மூன்றடுக்கு ஊராட்சி முறையைப் பரிந்துரைத்தது.

கண்காணிப்பு என்பது திட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அதைப் பின்தொடர்வது: பணம் வந்ததா, வேலை தொடங்கியதா, பொருள் உரியவரிடம் சேர்ந்ததா என்று பார்ப்பது. மதிப்பீடு கேட்கும் கேள்வி இதைவிடக் கடினமானது. திட்டம் வந்திராவிட்டால் நிலைமை எப்படி இருந்திருக்கும்? நல்ல மழை பெய்த ஆண்டில் விளைச்சல் கூடினால், அதில் புதிய விதைக்கு எவ்வளவு பங்கு, மழைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

இவ்விரண்டில் இந்திய நிர்வாகத்தில் வேரூன்றியது கண்காணிப்பு மட்டுமே. அதிலும் பெரும்பகுதி செலவைக் கணக்கிடுவதாகவே நின்றுவிட்டது. நிதியைச் செலவிட்டதற்கான பயன்பாட்டுச் சான்றிதழ் போய்ச் சேர்ந்தால் அடுத்த தவணை வரும். எனவே ஊராட்சி முதல் தலைமைச் செயலகம் வரை எல்லா ஆய்வுக் கூட்டங்களிலும் முதலில் எழும் கேள்வி, எத்தனை சதவீதம் செலவாகியிருக்கிறது என்பதே. இதை மாற்றும் நோக்கத்தோடு 2005–06இல் விளைவு வரவுசெலவு அறிக்கை அறிமுகமானது.

கட்டப்பட்டதை எண்ணுவதற்கும் பலனை அளப்பதற்கும் உள்ள தொலைவைத் தூய்மை இந்தியா இயக்கத்தில் காணலாம். கோடிக்கணக்கான கழிப்பறைகள் கட்டப்பட்டன. 2019 அக்டோபர் 2 அன்று திறந்தவெளியில் மலம் கழித்தல் ஒழிந்ததாக ஊரக இந்தியா அறிவிக்கப்பட்டது. ஆனால் 2019–21 காலத்தில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, நாடு முழுவதும் 19 சதவீதக் குடும்பங்கள் எந்தக் கழிப்பறையையும் பயன்படுத்தவில்லை என்று பதிவு செய்தது. முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்தான். ஆயினும் ஒழிந்தது என்பதும் குறைந்தது என்பதும் ஒன்றல்ல. அந்த ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களைக் கண்டுகொள்ள வெளியிலிருந்து எடுக்கப்பட்ட ஓர் ஆய்வு தேவைப்பட்டது.

திட்ட மதிப்பீட்டு அமைப்பின் அறிக்கைகளில் அதிகம் பேசப்பட்டது 2005இல் வந்த பொது விநியோக முறை பற்றிய ஆய்வு. மத்தியத் தொகுப்பிலிருந்து மானிய விலையில் அனுப்பப்பட்ட தானியத்தில் சுமார் 58 சதவீதம் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று அது கண்டது. ஏழைகளைப் பிரித்தெடுத்து அவர்களுக்கு மட்டும் வழங்கும் முறையே பலரை வெளியே நிறுத்திவிடுகிறது என்ற வாதத்துக்கு இந்த அறிக்கை வலுச் சேர்த்தது. எல்லோருக்கும் ரேஷன் என்ற முறையைக் கைவிடாத தமிழ்நாடு அந்த விவாதத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்பட்டது.

கண்காணிப்பு அலுவலகக் கோப்போடு முடியாமல் களத்திலேயே பயன்பட்டதற்கு, 1980இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் நல்ல சான்று. 6 முதல் 36 மாத வயதுள்ள குழந்தைகளை ஊரிலுள்ள பணியாளர் மாதந்தோறும் எடைபோட்டார். எடை கூடாத குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குக் கூடுதல் உணவு தரப்பட்டது. எடை தேறியதும் அது நிறுத்தப்பட்டது. அளவிடப்பட்டவை சிலவே. ஆனால் ஒவ்வோர் அளவும் அடுத்த நாள் யாருக்கு என்ன செய்வது என்பதைத் தீர்மானித்தது.

புள்ளியியல் முறையில் ஒப்பிட்டு மதிப்பிடும் ஆய்வுகள் 2000க்குப் பிறகு பெருகின. குலுக்கல் முறையில் சில ஊர்களுக்குத் திட்டத்தை முதலிலும் மற்றவற்றுக்குப் பின்னரும் வழங்கி, இடைப்பட்ட வேறுபாட்டை அளப்பது இவற்றில் முக்கியமான வழி. வறுமை ஒழிப்பில் இம்முறையைக் கையாண்டதற்காக அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் ஆகியோர் 2019இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றனர். எல்லாத் திட்டத்துக்கும் குலுக்கல் பொருந்தாது. கொரோனா காலப் பள்ளி மூடலுக்குப்பின் 2021இல் தமிழ்நாடு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை ஆராய்ந்தவர்கள், தொடர்ந்து தேர்வு வைத்து மாணவர்களின் கற்றல் நிலையை ஒப்பிட்டனர். இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு ஆறு மாதத்துக்குள் மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 சதவீதம் இத்திட்டத்தால் வந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு.

மதிப்பிடுபவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பது தீராத சிக்கல். திட்டக் குழுவின் பிடிக்கு வெளியே இயங்குவதற்காகத் தன்னாட்சி மதிப்பீட்டு அலுவலகம் என்ற ஒன்று அமைக்கப்பட்டது. 2014இல் அது திட்டக் குழுவையே கலைக்கப் பரிந்துரைத்தது. அதே ஆண்டில் அந்த அலுவலகமும் மூடப்பட்டது. 2015இல் திட்டக் குழுவுக்குப் பதிலாக நிதி ஆயோக் வந்தபின், பழைய மதிப்பீட்டு அமைப்பும் மூடப்பட்டிருந்த இந்த அலுவலகமும் இணைக்கப்பட்டு, வளர்ச்சிக் கண்காணிப்பு மற்றும் மதிப்பீட்டு அலுவலகம் உருவானது. அது நிதி ஆயோக்கின் ஓர் அங்கமாகவே இயங்குகிறது.

இத்துறையில் இந்தியாவின் குறிப்பிடத்தக்க பங்களிப்பு, மக்களே கணக்கைச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கை. ராஜஸ்தானில் 1990இல் தோன்றிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற மக்கள் அமைப்பு, ஊராட்சி வேலைகளின் வருகைப் பதிவேடுகளையும் ரசீதுகளையும் ஊர் நடுவே உரக்கப் படித்தது. 1994 டிசம்பரில் பாலி மாவட்டம் கோட் கிரானாவில் அதன் முதல் மக்கள் விசாரணை நடந்தது. வேலைக்கே வராதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தால் அதைக் கண்டுபிடிக்கத் தணிக்கையாளர் வேண்டியதில்லை. பெயருக்குரியவரே கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிடுவார். 2005இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு இந்த இயக்கம் வழிவகுத்தது. அதே ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் 17ஆம் பிரிவில் கிராம சபையின் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. 2011 விதிகள் அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடத்தப் பணித்தன. ஒன்றுபட்ட ஆந்திரம் இதற்கெனத் தனிச் சங்கம் அமைத்தது. தமிழ்நாடு 2013இல் அவ்வழியில் சென்றது. மேகாலயம் 2017இல் பல துறைத் திட்டங்களுக்கும் பொருந்தும் தனிச் சட்டமே இயற்றியது.

குறையைக் கண்டுபிடிப்பதில் இம்முறை அடைந்த வெற்றியைப் பணத்தை மீட்பதில் அடையவில்லை. 2017–18 முதல் 2020–21 வரையிலான நான்கு ஆண்டுகளில், வேலை உறுதிச் சட்டத்தின்கீழ் நடந்த நூறு நாள் வேலைத் திட்டத்தில் சுமார் 935 கோடி ரூபாய் முறைகேட்டைச் சமூகத் தணிக்கைகள் பதிவு செய்தன. அதில் திரும்பப் பெறப்பட்டது ஏறத்தாழ 12.5 கோடி. தமிழ்நாட்டில் கண்டறியப்பட்டது 245 கோடி, மீண்டது சுமார் 2 கோடி. தணிக்கைச் சங்கத்துக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரம் உண்டு. தண்டிக்கவும் வசூலிக்கவும் வேண்டியது திட்டத்தை நடத்திய அதே நிர்வாகம்.