பல்பகுதிப் படிவப் பதிவேற்றம்

பல்பகுதிப் படிவப் பதிவேற்றம் என்பது கோப்புகளையும் படிவப் புலங்களையும் எச்.டி.டி.பி. நெறிமுறையின் ஒரே கோரிக்கையில் வழங்கிக்கு அனுப்பும் முறை ஆகும். இதன் தரவு வகைப் பெயர் மல்ட்டிபார்ட்/ஃபார்ம்-டேட்டா என்பதாகும். இணையவழி விண்ணப்பத்துடன் ஒளிப்படம் இணைத்தல், விக்கிமீடியா பொதுவகத்தில் படம் ஏற்றுதல் போன்ற பணிகளுக்கு இம்முறை பயன்படுகிறது. உலாவியில் இவ்வேலையை உலாவியே செய்துவிடுகிறது. சி மொழியில் எழுதப்படும் நிரலில் கோரிக்கையின் ஒவ்வொரு பைட்டையும் நிரலரே அமைக்கவேண்டும்; அல்லது அதற்கென உள்ள நிரலகம் ஒன்றைப் பயன்படுத்தவேண்டும். தமிழ்ப் பெயர் கொண்ட கோப்புகளை ஏற்றும்போது எழுத்துகளின் எண்ணிக்கையும் பைட்டுகளின் எண்ணிக்கையும் வேறுபடுவதால் சில தனிச் சிக்கல்கள் எழுகின்றன.

இக்கட்டுரையில், மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் குளத்தின் ஒளிப்படம் ஒன்றை "மயிலாப்பூர் தெப்பக்குளம்.ஜேபிஜி" என்னும் பெயரில் ஏற்றுவது எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. தலைப்பு வரிகளும் செயற்கூறுகளின் பெயர்களும் கோப்பு வகை ஒட்டும் உண்மையில் உரோம எழுத்திலேயே எழுதப்படுபவை. இங்கு அவை ஒலிபெயர்த்துத் தரப்பட்டுள்ளன. பைட்டுக் கணக்குகள் மூல உரோம வடிவத்துக்கு உரியவை.

வரலாறு

ஒரே செய்தியைப் பல பகுதிகளாகப் பிரிக்கும் முறை மின்னஞ்சலுக்காக உருவாக்கப்பட்ட மைம் சீர்தரத்திலிருந்து வந்தது. மைம் சீர்தரம் முதலில் 1992 இல் வெளியானது. அதனை இணையப் படிவங்களுக்கு ஏற்றவாறு பயன்படுத்தும் முன்மொழிவை செராக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த எர்னெஸ்டோ நெபல், லாரி மசிண்டர் ஆகியோர் 1995 நவம்பரில் ஆர்.எஃப்.சி. 1867 என்னும் ஆவணமாக வெளியிட்டனர். பின்னர் 1998 இல் ஆர்.எஃப்.சி. 2388 வெளியானது. அதற்கு மாற்றாக 2015 சூலையில் ஆர்.எஃப்.சி. 7578 வந்தது.

தேவை

படிவத் தரவை அனுப்பும் பழைய முறையில், உரோம எழுத்தும் எண்ணும் சில குறிகளும் அல்லாத ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியாகவும் இரண்டு பதினறும எண்ணுருக்களாகவும் மாற்றப்படுகிறது. அதாவது ஒரு பைட்டு மூன்று பைட்டுகளாகிறது. படக் கோப்பின் பெரும்பாலான பைட்டுகள் இவ்வாறு பெருகும்.

தமிழ் உரைக்கும் இதே நிலைதான். யூ.டி.எஃப்-8 குறிமுறையில் தமிழின் ஒவ்வொரு ஒருங்குறிக் குறியெண்ணும் 3 பைட்டுகளைக் கொள்ளும். "மயிலாப்பூர்" என்னும் சொல்லில் நாம் எண்ணும் எழுத்துகள் 6; ஒருங்குறிக் குறியெண்கள் 11; பைட்டுகள் 33. பழைய முறையில் அச்சொல் 99 பைட்டுகளாகச் செல்லும். பல்பகுதி முறையில் 33 பைட்டுகளாகவே செல்லும். 1999 டிசம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 4.01 சீர்தரமும், இருமத் தரவையோ ஆஸ்கி அல்லாத எழுத்துகள் கொண்ட உரையையோ பெருமளவில் அனுப்பப் பழைய முறை திறனற்றது என்று கூறுகிறது.

கோரிக்கையின் அமைப்பு

கோரிக்கையின் தலைப்பில் தரவு வகையுடன் எல்லைக் குறி ஒன்று அறிவிக்கப்படும். உள்ளடக்கத்தில் ஒவ்வொரு பகுதியும் இரண்டு சிறுகோடுகளையும் எல்லைக் குறியையும் கொண்ட வரியுடன் தொடங்கும். அதையடுத்து அப்பகுதியின் தலைப்பு வரிகளும் ஒரு வெற்று வரியும் பகுதியின் தரவும் அமையும். கடைசி எல்லைக் குறிக்குப் பின்னும் இரண்டு சிறுகோடுகள் இடப்படும்.

7391846205517384 என்பதை எல்லைக் குறியாகக் கொண்டால் எடுத்துக்காட்டின் உள்ளடக்கம் பின்வருமாறு அமையும்:

--7391846205517384
கான்டென்ட்-டிஸ்பொசிஷன்: ஃபார்ம்-டேட்டா; நேம்="ஃபைல்"; ஃபைல்நேம்="மயிலாப்பூர் தெப்பக்குளம்.ஜேபிஜி"
கான்டென்ட்-டைப்: இமேஜ்/ஜேபெக்
(வெற்று வரி)
(படத்தின் பைட்டுகள்)
--7391846205517384--

இவ்வமைப்பில் கவனிக்கவேண்டியவை:

- ஒவ்வொரு வரியும் 13, 10 என்னும் இரண்டு பைட்டுகளால் முடியவேண்டும். 10 மட்டும் இட்டால் பல வழங்கிகள் கோரிக்கையை ஏற்பதில்லை.
- கடைசி எல்லைக் குறிக்கு முன் வரும் வரிமுடிவு எல்லைக் குறியைச் சேர்ந்தது. படத்தைச் சேர்ந்தது அன்று.
- எல்லைக் குறி 70 எழுத்துருக்களுக்கு மிகாதிருக்கவேண்டும். அது கோப்பின் உள்ளே எங்கும் எல்லை வரியாக வந்துவிடக்கூடாது. ஆகவே நீண்ட தற்போக்கு எண் வரிசை ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வழக்கம்.
- கோப்புப் பெயர்ப் பண்பு விடுபட்டால் பி.எச்.பி. போன்ற வழங்கி மொழிகள் அப்பகுதியைக் கோப்பாகக் கொள்ளாமல் சாதாரணப் புலமாகவே கொள்ளும்.

நீளத்தைக் கணக்கிடுதல்

எச்.டி.டி.பி. 1.1 பதிப்பில் உள்ளடக்கத்தின் நீளத்தை கான்டென்ட்-லெங்த் என்னும் தலைப்பு வரியில் முன்கூட்டியே அறிவிப்பது வழக்கம். இந்நீளம் பைட்டுகளில் தரப்படவேண்டும். எடுத்துக்காட்டின் கோப்புப் பெயரில் "மயிலாப்பூர்" 33 பைட்டுகள், இடைவெளி 1, "தெப்பக்குளம்" 36, புள்ளியும் வகை ஒட்டும் 4. மொத்தம் 74 பைட்டுகள். இதனைக் கொண்டு முழு நீளம் பின்வருமாறு கணிக்கப்படும்:

- தொடக்க எல்லை வரி: 20
- கோப்புப் பெயர் அடங்கிய தலைப்பு வரி: 132
- தரவு வகை வரி: 26
- வெற்று வரி: 2
- படத்துக்குப் பின்வரும் வரிமுடிவும் இறுதி எல்லை வரியும்: 24

இவற்றின் கூட்டுத்தொகை 204. படம் 2,00,000 பைட்டுகள் எனில் அறிவிக்கவேண்டிய நீளம் 2,00,204 ஆகும்.

கோப்புப் பெயரின் நீளத்தைப் பைட்டுகளில் எண்ணாமல் ஒருங்குறிக் குறியெண்களில் எண்ணினால் 74 க்குப் பதிலாக 28 கிடைக்கும். அப்போது அறிவிக்கப்படும் நீளம் 46 பைட்டுகள் குறைந்துவிடும். வழங்கி அறிவிக்கப்பட்ட அளவுடன் படிப்பதை நிறுத்துவதால் இறுதி எல்லை வரி முழுவதும், படத்தின் கடைசி 22 பைட்டுகளும் விடுபடும். எஞ்சிய 46 பைட்டுகள், இணைப்பு திறந்திருந்தால், அடுத்த கோரிக்கையின் தொடக்கமாகத் தவறாகப் படிக்கப்படும். மாறாக நீளத்தைக் கூட்டி அறிவித்தால், வராத பைட்டுகளுக்காக வழங்கி காலவரம்பு முடியும்வரை காத்திருக்கும். உரோம எழுத்துப் பெயர்களில் எழுத்து எண்ணிக்கையும் பைட்டு எண்ணிக்கையும் ஒன்றே. ஆதலால் இப்பிழை அவற்றைக் கொண்டு செய்யும் சோதனைகளில் வெளிப்படாமல், முதல் தமிழ்க் கோப்பு வரும்போதுதான் தெரியவரும்.

சி மொழியில் நிகழும் பிழைகள்

சி மொழியின் ஸ்டர்லென் செயற்கூறு எழுத்துகளை எண்ணுவதில்லை. சுழியம் வரும்வரை பைட்டுகளை எண்ணுகிறது. ஆகவே யூ.டி.எஃப்-8 கோப்புப் பெயருக்கு அது 74 என்னும் சரியான விடையையே தரும். அகல எழுத்துருக்களுக்கான டபிள்யூ.சி.எஸ்.லென் செயற்கூறு லினக்சில் 28 என்று தரும். இது இங்குப் பயன்படாது.

கோப்பின் உள்ளடக்கத்துக்கு ஸ்டர்லென் பொருந்தாது. ஜே.எஃப்.ஐ.எஃப். வகை ஜேபெக் படம் 255, 216, 255, 224, 0, 16 என்னும் பைட்டுகளுடன் தொடங்குகிறது. ஐந்தாவது பைட்டு சுழியம் என்பதால், எவ்வளவு பெரிய படமாயினும் ஸ்டர்லென் 4 என்றே விடை தரும். கோப்பின் நீளத்தை இயங்குதளத்திடம் கேட்டு அறியவேண்டும். படித்த பைட்டுகளின் எண்ணிக்கையை எஃப்ரீட் செயற்கூறு திருப்பித் தரும் மதிப்பிலிருந்து பெறவேண்டும்.

பிற பொதுவான பிழைகள் வருமாறு:

- கோப்புப் பெயருக்கு 64 பைட்டு அணி ஒதுக்குதல். எழுத்துகளை எண்ணுபவருக்கு 64 போதுமானதாகத் தோன்றும். எடுத்துக்காட்டின் பெயருக்கு முடிவுச் சுழியத்துடன் 75 பைட்டுகள் வேண்டும். நீளம் பார்க்காமல் படியெடுத்தால் அருகிலுள்ள நினைவகம் அழியும். வரம்பிட்டு வெட்டினால் ஓர் எழுத்தின் நடுவில் வெட்டு விழக்கூடும்.
- கேர் வகையின் குறியீடு. "ம" என்னும் எழுத்து 224, 174, 174 என்னும் பைட்டுகளாகும். எக்ஸ்86 கணினிகளில் கேர் வகை வழக்கமாகக் குறியுடையது என்பதால் இவை -32, -82, -82 எனக் கொள்ளப்படும். 32 க்குக் குறைந்தவற்றைக் கட்டுப்பாட்டுக் குறிகள் என நீக்கும் நிரல், தமிழ்ப் பெயர் முழுவதையும் நீக்கி, இடைவெளியையும் வகை ஒட்டையும் மட்டும் விட்டுவைக்கும். அன்சைன்ட் கேர் வகையைப் பயன்படுத்தினால் இது நேராது.
- விண்டோசில் கோப்பை உரை முறையில் திறத்தல். அப்போது 13, 10 என்னும் இணை 10 ஆகச் சுருங்கும்; 26 என்னும் பைட்டு கோப்பின் முடிவாகக் கொள்ளப்படும். இரும முறையில் திறக்கவேண்டும்.
- சென்ட் செயற்கூறு கேட்ட அளவு முழுவதையும் ஒரே முறையில் அனுப்பிவிடும் எனக் கருதுதல். அது அனுப்பிய அளவைப் பார்த்து, எஞ்சியதை மடக்கு ஒன்றில் தொடர்ந்து அனுப்பவேண்டும்.
- பயனர் தந்த கோப்புப் பெயரை அப்படியே தலைப்பு வரியில் இடுதல். பெயரில் மேற்கோள் குறியோ வரிமுடிவோ இருந்தால் தலைப்பு வரி உடைந்து, பயனர் விரும்பும் வரிகள் நுழைய வழியாகும். உலாவிகள் மேற்கோள் குறியை %22 என மாற்றி அனுப்புகின்றன.

லிப்கர்ல் நிரலகம்

மேற்கண்ட வேலைகளைத் தாமே செய்யாமல் நிரலர்கள் பெரும்பாலும் லிப்கர்ல் நிரலகத்தைப் பயன்படுத்துகின்றனர். இது சுவீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பர்க் தொடங்கிய கர்ல் திட்டத்தின் பகுதியாகும். இதில் முன்பு கர்ல்_ஃபார்ம்ஆட் என்னும் செயற்கூறு பயன்பட்டது. 2017 அக்டோபரில் வெளியான 7.56.0 பதிப்பில் மைம் இடைமுகம் சேர்க்கப்பட்டு, பழைய செயற்கூறு கைவிடத்தக்கதாக அறிவிக்கப்பட்டது. பழைய பாடங்களில் இன்றும் பழைய முறையே காணப்படுவதால் மாணவர்கள் இதனைக் கவனிக்கவேண்டும்.

புதிய முறையின் படிகள்: கர்ல்_மைம்_இனிட் கொண்டு வெற்றுப் படிவம் ஒன்றை உருவாக்குதல், கர்ல்_மைம்_ஆட்பார்ட் கொண்டு பகுதி சேர்த்தல், கர்ல்_மைம்_நேம் கொண்டு புலத்துக்குப் பெயரிடுதல், கர்ல்_மைம்_ஃபைல்டேட்டா கொண்டு கோப்பைச் சுட்டுதல், படிவத்தைக் கோரிக்கையுடன் இணைத்து இயக்குதல், இறுதியில் கர்ல்_மைம்_ஃப்ரீ கொண்டு நினைவகத்தை விடுவித்தல். கணினியில் உள்ள பெயரன்றி வேறு பெயரில் அனுப்ப கர்ல்_மைம்_ஃபைல்நேம் பயன்படும். எல்லைக் குறி, நீளம், வரிமுடிவு ஆகியவற்றை நிரலகமே கவனித்துக்கொள்ளும். பெரிய கோப்புகளும் சிறிது சிறிதாகவே படித்து அனுப்பப்படுவதால் நினைவகம் நிரம்புவதில்லை. ஆயினும் தரப்பட்ட பெயர் எந்தக் குறிமுறையில் உள்ளது என்பதை நிரலகம் அறியாது. அதனைச் சரியாகத் தருவது நிரலரின் பொறுப்பு.

தமிழ்க் குறிமுறைகளும் கோப்புப் பெயர்களும்

ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழுக்குப் பல 8 பிட்டுக் குறிமுறைகள் வழங்கின. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை அடுத்து தமிழக அரசு டாப், டாம் குறிமுறைகளைச் சீர்தரமாக்கியது. இணையக் குழுக்களில் திஸ்கி வழங்கியது. திஸ்கியில் "மயிலாப்பூர்" 8 பைட்டுகளே. ஆனால் அந்த 8 பைட்டுகள் எந்தக் குறிமுறைக்கு உரியவை என்பதைப் படிவம் தெரிவிக்காவிட்டால் வழங்கியில் அவை பொருளற்ற குறிகளாகிவிடும். 2010 சூனில் தமிழக அரசு ஒருங்குறியையும், ஒருங்குறி பயன்படுத்த இயலாத இடங்களில் டேஸ்-16 குறிமுறையையும் ஏற்றது. ஆர்.எஃப்.சி. 7578 யூ.டி.எஃப்-8 பயன்படுத்துவதைப் பரிந்துரைக்கிறது. வேறு சில எச்.டி.டி.பி. தலைப்புகளில் பிறமொழிப் பெயர்களுக்குப் பயன்படும் உடுக்குறியிட்ட கோப்புப் பெயர்ப் பண்பைப் பல்பகுதிப் படிவத்தில் பயன்படுத்தக்கூடாது என்றும் அது விதிக்கிறது.

ஒருங்குறியிலும் ஒரே பெயர் இரு வடிவில் அமையலாம். "கோட்டூர்புரம்" என்னும் பெயர் வழக்கமாக 13 குறியெண்கள், 39 பைட்டுகள். மாக் கணினிகளின் எச்.எஃப்.எஸ். பிளசு கோப்பு முறைமை, ஓகார உயிர்மெய்க் குறியை ஏகாரக் குறியாகவும் கால் குறியாகவும் பிரித்துச் சேமிக்கும். அப்போது பெயர் 42 பைட்டுகளாகும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே பெயரை முதலில் ஒரே வடிவுக்குக் கொணர்ந்து, அதன் பின்னரே நீளத்தைக் கணக்கிடவேண்டும்.

பயன்பாடு

தமிழ் இணையக் கல்விக்கழகம் சென்னைக் கோட்டூரில் காந்தி மண்டபம் சாலையில் இயங்குகிறது. அது வழங்கிய நாட்டுடைமை நூல்களின் மின்படிகள் தன்னார்வலர்களால் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றப்பட்டு, தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்கப்படுகின்றன. இத்தகைய பெருந்தொகைப் பதிவேற்றத்தை உலாவியில் ஒவ்வொன்றாகச் செய்வது கடினம்; நிரல் வழிச் செய்வதே எளிது. மீடியாவிக்கியின் நிரல் இடைமுகத்துக்குக் கணினியிலிருந்து நேரடியாகக் கோப்பை அனுப்பும்போது பல்பகுதி முறையிலேயே அனுப்பவேண்டும். கோப்பு, பொதுவகத்தில் அது பெறவேண்டிய பெயர், விளக்க உரை, பயனரை உறுதிசெய்யும் அடையாளச் சரம் ஆகியவை தனித்தனிப் பகுதிகளாகச் செல்லும்.

மீடியாவிக்கியில் கோப்புப் பெயர் 240 பைட்டுகளுக்கு மிகக்கூடாது. தமிழில் இது 80 குறியெண்கள் ஆகும். நூற்பெயர், ஆசிரியர் பெயர், பதிப்பாண்டு ஆகிய மூன்றையும் கோப்புப் பெயரில் சேர்ப்போர் இவ்வரம்பை எளிதில் எட்டிவிடக்கூடும். பெயர் வரம்பை மீறினால் வழங்கி கோரிக்கையை ஏற்காது. ஏற்றுவதற்கு முன்னரே நிரல் இந்நீளத்தைப் பைட்டுகளில் சரிபார்த்துக்கொண்டால், பல மெகாபைட்டு அளவுள்ள நூலை அனுப்பி முடித்தபின் பிழைச் செய்தி பெறும் நிலை தவிர்க்கப்படும்.