செங்கல்பட்டு கோர்ட்டிலிருந்து மேலே போன கோப்பு

கொளவாய் ஏரிப் பக்கம் காலையில் என்னோடு நடக்க வரும் நண்பர் போன வாரம் ஒரு கேள்வி கேட்டார். "ஆட்டோ சங்கருக்கு நம்ம ஊர் கோர்ட்டிலேயே தூக்கு என்று சொல்லியாச்சு. அப்புறம் நாலு வருஷம் எதுக்கு சார்?" கோர்ட்டில் நகல் பிரிவில் காலம் தள்ளியவன் என்பதால் இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் என்னிடம்தான் வரும். நடந்துகொண்டே சொல்லி முடிக்கிற விஷயமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

திருவான்மியூர்க் கொலைகள் நம் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. ஆறு பேர் கொலை. உடல்களை எரித்தார்கள், வீட்டுக்குள்ளேயே புதைத்தார்கள். வழக்கு நடந்தது செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட்டில். 1991 மே 31 அன்று தூக்குத் தண்டனை. அந்த நாட்களில் டீக்கடை பெஞ்சில் வேறு பேச்சே கிடையாது. "நாளைக்கே தூக்கில் போடணும்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொல்லியிருப்பேன்.

ஆனால் செஷன்ஸ் நீதிபதி தூக்கு என்று எழுதினால் அது பாதித் தீர்ப்புதான். 2024 வரை அமலில் இருந்த 1973-ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 366-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. குற்றவாளி அப்பீல் போட்டாலும் போடாவிட்டாலும், மரண தண்டனைக் கோப்பு முழுவதையும் ஐகோர்ட்டுக்கு அனுப்பியாக வேண்டும். அங்கே குறைந்தது இரண்டு நீதிபதிகள் கையெழுத்துப் போட்டு உறுதி செய்கிறவரை கயிற்றைத் தொடக் கூடாது. இன்னொன்றும் உண்டு. தண்டனையைப் படித்த கையோடு, எத்தனை நாளுக்குள் அப்பீல் செய்யலாம் என்பதை நீதிபதியே அந்த ஆளிடம் சொல்ல வேண்டும். தூக்குக்கு 30 நாள். செஷன்ஸ் கோர்ட்டின் மற்றத் தண்டனைகளுக்கு ஐகோர்ட்டில் அப்பீல் செய்ய 60 நாள்.

அப்பீலில் என்ன பேசுவார்கள்? புதிதாக சாட்சிகளை வரிசையாக அழைப்பது அபூர்வம். ஏற்கெனவே பதிவான சாட்சியத்தைத்தான் வரி வரியாகப் புரட்டுவார்கள். சங்கர் வழக்கில் கூட்டாளி ஒருவன் அப்ரூவராக மாறியிருந்தான். அப்ரூவர் என்றால் தானும் சேர்ந்து செய்துவிட்டு, மன்னிப்பு வாங்கிக்கொண்டு மற்றவர்களைக் காட்டிக்கொடுப்பவன். அவன் சொல்லை மட்டும் வைத்து ஒரு ஆளைத் தண்டிப்பது சட்டப்படி தப்பில்லை என்று அப்போதைய சாட்சியச் சட்டத்தின் ஒரு பிரிவு சொன்னது. இன்னொரு பிரிவோ, வேறு ஆதாரம் துணைக்கு இல்லாவிட்டால் அவனை நம்பாதே என்றது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வக்கீல்களுக்குப் பிழைப்பு! 1992 ஜூலை 17 அன்று ஐகோர்ட் தண்டனையை உறுதி செய்தது. 1994 ஏப்ரல் 5 அன்று சுப்ரீம் கோர்ட் சங்கரின் அப்பீலைத் தள்ளியது. அதற்கு மேல் ஜனாதிபதியிடம் கருணை மனுதான். 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் சிறையில் தூக்கு.

நடுவில் ஒரு கிளைக்கதை. செங்கல்பட்டு சப்-ஜெயிலில் இருந்தபோது சங்கர் தன் கதையை முந்நூறு பக்கத்துக்கு எழுதினான். 'நக்கீரன்' அதை வெளியிடப் போக, சிறை அதிகாரிகள் தடுக்கப் பார்க்க, விஷயம் சுப்ரீம் கோர்ட் வரை போனது. வெளிவருவதற்கு முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை என்று 1994 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. தனிமனித அந்தரங்க உரிமை பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறார்கள். நம்ம ஊர் சப்-ஜெயிலில் எழுதிய காகிதம் எங்கே போய் நின்றது பாருங்கள்.

"அப்படியே உறுதி செய்யத்தானே போகிறார்கள், எதற்கு இத்தனை படி?" என்பவர்களுக்கு நான் பாகவதரைத்தான் நினைவூட்டுவேன். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945-இல் ஜூரிகள் குற்றவாளி என்று சொல்ல, தியாகராஜ பாகவதருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. ஐகோர்ட் அப்பீலும் தோற்றது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள். அவர்கள் வழக்கை மறுபடி விசாரிக்கச் சொல்லித் திருப்பியனுப்ப, 1947 ஏப்ரலில் அதே சென்னை ஐகோர்ட் இருவரையும் விடுதலை செய்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்த பிறகு! லண்டன் வரை செலவு செய்ய அவர்களிடம் காசு இருந்தது.

காசில்லாதவர்கள் கதையையும் பார்த்திருக்கிறேன். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். பையனுக்குப் பத்து வருஷம். கையில் முடிச்சுப் போட்ட முந்தானை, அதற்குள் சில்லறை. தீர்ப்பு நகலுக்கு எவ்வளவு என்று கேட்டார். சிறைத் தண்டனை பெற்றவனுக்கு நகல் இலவசம், காசே வேண்டாம் என்றேன். அதோடு என் வேலை முடிந்தது என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

ஒரு மாதம் கழித்து ஜன்னலில் மறுபடி அதே முகம். அப்பீல் போட்டாயிற்றா என்று கேட்டேன். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை, அதோடு "மேலே போனா தண்டனையக் கூட்டிடுவாங்கன்னு சொல்றாங்க சாமி" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு நிமிஷத்தில் அன்றே சொல்லியிருக்கலாம். குற்றவாளி மட்டும் போட்ட அப்பீலில் தண்டனையைக் கூட்ட மாட்டார்கள். கூட்ட வேண்டுமானால் அரசு தனியாகப் போக வேண்டும். சிறையில் இருப்பவன் மனுவைச் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம், அவர்கள் ஐகோர்ட்டுக்கு அனுப்புவார்கள். வக்கீல் வைக்க முடியாதவனுக்கு அரசே ஆள் வைக்க வேண்டும் என்று 1978-இலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

இதையெல்லாம் ஒரு தாளில் எழிய தமிழில் எழுதி, மடித்து அவர் கையில் கொடுத்தேன். அறுபது நாளில் மீதி எத்தனை என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். பத்தொன்பது இருந்தது. அடுத்த பஸ்ஸிலேயே வேலூருக்குக் கிளம்பினார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மதியம் அந்த அம்மா மறுபடி வந்தார். பத்து ஏழாகக் குறைந்திருந்தது. ஒரு பையில் கருவாடு கொண்டுவந்திருந்தார். ஆபீஸில் வாங்கக் கூடாது என்றேன். கேட்கவில்லை, மேஜைக்குக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.