பறக்கும் உரிமை

1946-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் தேதியன்று, பெல் கம்பெனியார் நிர்மாணித்த '47' என்னும் சிறிய ஹெலிகாப்டர் பொதுமக்களின் உபயோகத்துக்குத் தகுதி வாய்ந்தது என்று அமெரிக்க சிவில் விமான நிர்வாகத்தார் சான்றிதழ் வழங்கினார்கள். உலகில் அத்தகைய சான்றிதழைப் பெற்ற முதல் ஹெலிகாப்டர் அதுவே. அது முதன்முதலாகப் பறந்தது 1945 டிசம்பர் 8-ஆம் தேதி. ஆகவே பரீட்சைக்கும் அங்கீகாரத்துக்கும் இடையே கழிந்த காலம் மூன்றே மாதம்.

அந்த மூன்று மாதத்துக்குப் பின்னால் ஒரு தனிமனிதரின் நெடுங்காலத் தவம் இருந்தது. கணிதத்திலும் தத்துவத்திலும் பற்றுக் கொண்ட ஆர்தர் யங் என்பவர், பென்ஸில்வேனியாவில் சிறு மாதிரிகளைச் செய்து பறக்கவிட்டு, அவை ஏன் தடுமாறி விழுகின்றன என்று பல ஆண்டுகள் ஆராய்ந்து, சுழலிறக்கையின் நடுவே குறுக்காக ஒரு சமநிலைத் தண்டைப் பொருத்தினால் யந்திரம் நிதானமடையும் என்று கண்டறிந்தபின், 1941-ல் பெல் கம்பெனியில் சேர்ந்தார். மேலும், இரண்டு மூன்று பேரைச் சுமந்து செல்லும் ஒற்றை எஞ்சின் யந்திரத்திடம் அக்காலத்து அதிகாரிகள் கேட்ட கேள்விகளும் சொற்பமே.

பிற்காலத்தில், நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்குத் தொழிலாளர்களை நாள்தோறும் ஏற்றிச் செல்லும் வாகனமாக ஹெலிகாப்டர் வளர்ந்தபோது, கேள்விகளும் வளர்ந்தன. எஞ்சின்கள் இரண்டு இருந்தால் ஒன்று நின்றாலும் மற்றொன்று காப்பாற்றும். ஆனால் அவ்விரண்டின் சக்தியையும் சுழலிறக்கைக்குக் கொண்டு செல்லும் பிரதான கியர்பாக்ஸ் ஒன்றுதான், அதற்கு மாற்று இல்லை. ஆகவே, கியர்பாக்ஸிலிருந்து எண்ணெய் முழுவதும் ஒழுகிப்போன பின்னரும் அது 30 நிமிஷம் ஓட வேண்டும், அல்லது அவ்வாறு ஒழுகுவது மிக மிக அரிது என்று நிரூபிக்கப்பட வேண்டும் என்று விதி ஏற்பட்டது.

'அல்லது' என்ற அந்தச் சொல் தந்த சலுகையின் விலை பின்னால் தெரிந்தது. 1998 டிசம்பரில் முதன்முறை பறந்த, ஸிகோர்ஸ்கி கம்பெனியாரின் எஸ்-92 ஹெலிகாப்டர், 2002 ஆகஸ்டில் நடந்த பரீட்சையில் எண்ணெயின்றி ஏறத்தாழ 11 நிமிஷமே தாக்குப்பிடித்தது. எண்ணெய் கசியக்கூடும் என்று கருதப்பட்ட பாகத்தை அடைத்துவிட ஒரு வால்வைப் பொருத்தி, மற்ற வழிகளில் கசிவு நேர்வது மிக அரிது என்று வாதித்து, அதே ஆண்டு டிசம்பரில் சான்றிதழ் பெற்றார்கள். 2009 மார்ச் 12-ஆம் தேதி, கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையிலிருந்து எண்ணெய் மேடைகளுக்குப் புறப்பட்ட எஸ்-92 ஒன்றில், எண்ணெய் வடிகட்டியின் கிண்ணத்தைப் பிடித்திருந்த டைட்டானியத் திருகாணிகள் முறிந்தன, எண்ணெய் ஒழுகியது, சற்றேறக்குறைய 11 நிமிஷத்துக்குள் ஹெலிகாப்டர் கடலில் விழுந்தது. அதில் இருந்த 18 பேரில் 17 பேர் மாண்டார்கள். அதன் பிறகே அத்திருகாணிகளுக்குப் பதிலாக எஃகுத் திருகாணிகளை உடனே பொருத்த வேண்டும் என்று கட்டளை பிறந்தது.

இதற்கு நேர்மாறான பாதை, பெல் கம்பெனியாரின் 525-க்கு வாய்த்தது. விமானியின் கைப்பிடிக்கும் சுழலிறக்கைக்கும் இடையே கம்பிகளும் தண்டுகளும் இல்லாமல், மின்சமிக்ஞையால் இயங்கும் பெரிய பயணி ஹெலிகாப்டர் அது. 2015 ஜூலை 1-ஆம் தேதி டெக்ஸாஸில் முதன்முறை பறந்தது. மறு வருஷம் ஜூலை 6-ஆம் தேதி, மணிக்குச் சுமார் 340 கிலோமீட்டர் வேகத்தில், ஓர் எஞ்சின் நின்றுவிட்டால் என்ன நேரும் என்று சோதித்தபோது, சுழலிறக்கையின் வேகம் தாழ்ந்து, விநாடிக்கு ஆறு முறை வீதம் உடல் முழுவதும் அதிர்ந்தது. அந்த அதிர்வு விமானியின் கையை அவர் அறியாமலே ஆட்டியது. ஆடிய கை கைப்பிடியை ஆட்டியது. அதையும் கட்டளையாகவே ஏற்ற கணினி, இறக்கைகளை மேலும் அதிரச் செய்தது. இறக்கைகள் வாற்பகுதியில் மோத, யந்திரம் வானிலேயே சிதைந்து, பரீட்சை விமானிகள் இருவரும் உயிரிழந்தனர். ஓராண்டுக் காலம் பறப்பை நிறுத்தி, கையின் அதிர்வைப் பிரித்தறியும் வடிப்பானைக் கணினியில் சேர்த்த பின்னரே சோதனை தொடர்ந்தது. முதல் பறப்பு நடந்து ஒன்பது ஆண்டுகள் கழிந்து, 2024 முடிந்தபோதும் அதற்குச் சான்றிதழ் கிட்டவில்லை.

இந்தத் தாமதத்தைக் குறை கூறுவோர் உண்டு. பெரும் பொருளை முடக்கிவிட்டுக் காத்திருப்போரின் சங்கடமும் மெய்யே. ஆயினும், ஆபத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொண்ட பரீட்சை விமானிக்கு நேர்ந்த கேட்டின் காரணத்தை முற்றும் கண்டறிந்து களைவதே, ஒன்றும் அறியாமல் நம்பி ஏறுகிற பிரயாணிக்கு நாம் செய்யும் தர்மம். ஒரு புதிய ஹெலிகாப்டர் எத்தனை ஆண்டில் சான்றிதழ் பெற்றது என்று கேட்பதை விட, எந்தப் பரீட்சையில் தவறிய பின்னும் அதற்கு விலக்களிக்கப்பட்டது என்று கேட்பதே விவேகமாகும்.