இடைக்கால நிதிநிலை அறிக்கையின் கணக்கியல் கொள்கைகள்: கள்ளக்குறிச்சிக் கரும்பு ஆலைகளை முன்வைத்து

நிதியாண்டு முடியும்வரை காத்திராமல் மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒரு நிறுவனம் வெளியிடும் கணக்கு, இடைக்கால நிதிநிலை அறிக்கை எனப்படும். எதை எப்போது வருமானமாகக் கொள்வது, கிடங்கில் இருக்கும் சரக்குக்கு என்ன விலை போடுவது, இன்னும் பட்டுவாடா ஆகாத பாக்கியை எந்தக் காலாண்டில் எழுதுவது என்று நிறுவனம் வகுத்துக்கொள்ளும் விதிகளே அதன் கணக்கியல் கொள்கைகள். ஆண்டு முழுதும் ஒரே சீராக ஓடும் தொழிலில் இவை கண்ணில் படுவதே இல்லை. பருவத்தை நம்பிய தொழிலிலோ, ஒரு காலாண்டு லாபத்தில் முடிகிறதா நட்டத்தில் முடிகிறதா என்பதையே இவை தீர்மானித்துவிடும். சர்க்கரை ஆலை அப்படிப்பட்ட தொழில்.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் கோமுகி, மணிமுத்தா ஆறுகளின் நீரையும் வடக்கே தென்பெண்ணையையும் நம்பிக் கரும்பு விளையும் பகுதி கள்ளக்குறிச்சி. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. மூங்கில்துறைப்பட்டில் கள்ளக்குறிச்சி-1 கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும், மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் கள்ளக்குறிச்சி-2 ஆலையும் இருக்கின்றன. சங்கராபுரம் வட்டம் கலையநல்லூரில் இருப்பது தரணி சுகர்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுவனத்தின் ஆலை. வாசுதேவநல்லூரிலும் போளூர் அருகிலும் ஆலைகளைக் கொண்ட அந்நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்டும் கடமை அதற்கு உண்டு. கூட்டுறவு ஆலைகளுக்கு அந்தக் கடமை இல்லை.

விதிகள் வந்த வழி

காலாண்டுக் கணக்கு என்னும் வழக்கம் அமெரிக்கப் பங்குச் சந்தையில் வளர்ந்தது. அந்நாட்டின் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 1970-இல் அதைக் கட்டாயமாக்கியது. 1973-இல் அங்குள்ள கணக்கியல் கோட்பாட்டு வாரியம் தனது 28-ஆவது கருத்துரையை வெளியிட்டது. காலாண்டு என்பது ஆண்டின் ஒரு துண்டு, எனவே ஆண்டுச் செலவைக் காலாண்டுகளுக்குப் பகிர்ந்து காட்டலாம் என்பது அதன் பார்வை. 1998-இல் வந்த பன்னாட்டுக் கணக்கியல் தரம் 34 பெரும்பாலும் எதிர்த்திசையில் போனது. காலாண்டைத் தனிக் காலமாகவே பார். ஆண்டு இறுதியில் எந்தக் கொள்கையைப் பின்பற்றுவாயோ அதையே இங்கும் பின்பற்று. பருவ வருமானத்தை முன்கூட்டியும் காட்டாதே, தள்ளியும் வைக்காதே என்றது. வருமான வரிக்கு மட்டும் ஆண்டு முழுமைக்குமான சராசரி விகிதத்தை மதிப்பிட்டுப் பயன்படுத்தச் சொன்னது.

இந்தியாவில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி 1998-இல் காலாண்டு முடிவுகளைக் கட்டாயமாக்கியது. கணக்குத் தணிக்கையாளர் கழகத்தின் கணக்கியல் தரம் 25, 2002 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. 2015-இல் அறிவிக்கப்பட்ட இந்தியக் கணக்கியல் தரங்களில் 34-ஆவது அதன் இடத்தைப் பிடித்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய்க்குக் குறைவான பட்டியல் நிறுவனங்களுக்கு அது 2017 ஏப்ரல் 1 முதல் பொருந்தியது. ஆண்டின் கடைசிக் காலாண்டு நீங்கலாக, காலாண்டு முடிந்த 45 நாளுக்குள் முடிவுகளைத் தர வேண்டும் என்பது செபியின் 2015-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின் 33-ஆவது விதி.

ஆலைக் கணக்கைப் புரட்டிப்போட்ட மாற்றம் இவற்றில் எதுவும் அல்ல. 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம்தான். சர்க்கரைப் பருவம் அக்டோபரில் தொடங்கிச் செப்டம்பரில் முடிவது. அதை ஒட்டி நாட்டின் பல சர்க்கரை நிறுவனங்கள் செப்டம்பர் 30-இல் கணக்கை முடித்துவந்தன. ஒரு பருவத்து அரவை முழுதும் ஒரே ஆண்டில் அடங்கியது. புதிய சட்டம் ஏறத்தாழ எல்லா நிறுவனங்களுக்கும் மார்ச் 31-ஐ ஆண்டு முடிவாக்கியது. அரவை மும்முரமாக நடக்கும் வேளையில், கிடங்கு நிறையச் சர்க்கரை மூட்டைகளும் விவசாயிக்குத் தர வேண்டிய பாக்கியும் சேர்ந்து நிற்கும் நாளில் கணக்கு மூட வேண்டியதாயிற்று. நிர்வாக வசதிக்காகச் செய்த இந்த மாற்றம், சர்க்கரைத் தொழிலின் ஆண்டுக் கணக்கை முன்பைவிட மதிப்பீடுகளை அதிகம் சார்ந்ததாக ஆக்கிவிட்டது என்பதில் ஐயமில்லை.

அரவையும் ஓய்வும்

அரவை நின்ற மாதங்களில் ஆலை சும்மா இருப்பதில்லை. உருளைகளைக் கழற்றிப் பழுது பார்க்கிறார்கள், கொதிகலனைச் சுத்தம் செய்கிறார்கள். நிரந்தரத் தொழிலாளருக்குச் சம்பளம் போகிறது. இந்த ஓய்வுக் காலச் செலவை அடுத்த அரவையில் உற்பத்தியாகும் சர்க்கரையின் அடக்க விலையில் ஏற்றுவதற்காக ஒத்திவைக்கும் வழக்கம் ஆலைகளிடம் நெடுநாள் இருந்தது. ஆண்டு இறுதியிலும் அப்படி ஒத்திவைக்கத் தக்க செலவென்றால் மட்டுமே காலாண்டிலும் ஒத்திவைக்கலாம் என்று 34-ஆவது தரம் கட்டுப்படுத்துகிறது. இயந்திரம் ஓடாவிட்டாலும் தேய்மானம் எழுத வேண்டும்.

இங்கே சரக்கிருப்பு பற்றிய 2-ஆவது தரத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நிலையான உற்பத்திச் செலவை ஆலையின் இயல்பான திறனுக்கு ஏற்பத்தான் சர்க்கரை மேல் ஏற்றலாம் என்கிறது அது. இயல்பான திறன் என்பது பல பருவங்களின் சராசரி. மழை பொய்த்துக் கரும்பு வரத்து பாதியாகக் குறைந்த ஆண்டில், ஓடாத ஆலையின் செலவை உற்பத்தியான கொஞ்ச மூட்டைகளின் மேல் ஏற்றிக் கையிருப்பின் மதிப்பை உயர்த்திக் காட்ட முடியாது; அதை அந்தக் காலாண்டின் நட்டமாகவே எழுத வேண்டும். வறட்சி கணக்கில் மறையாமல் இருப்பதற்கு இந்த விதியே காவல்.

மூட்டைக்கு மதிப்புப் போடுவது, அடக்க விலை அல்லது விற்றால் கிடைக்கும் நிகர விலை, இவற்றில் எது குறைவோ அதன்படி. சர்க்கரை விலை சரிந்தால் அந்தக் காலாண்டிலேயே மதிப்பைக் குறைக்க வேண்டும். விலை ஏறியதும் மீட்டுக்கொள்ளலாம். மத்திய அரசு 2018 ஜூனில் கிலோவுக்கு 29 ரூபாய் என்றும், 2019 பிப்ரவரியில் 31 ரூபாய் என்றும் குறைந்தபட்ச விற்பனை விலை வைத்தபின், இந்தக் கணக்குக்கு ஓர் அடித்தளம் கிடைத்தது.

கரும்பு விலை எங்கே எழுதப்படுகிறது

எல்லாக் கொள்கைகளிலும் இதுவே முதன்மையானது. ஆலையின் மிகப் பெரிய செலவு கரும்பு. அதன் விலையை நிர்ணயிப்பது அரசு. 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, கரும்பு ஆலைக்கு வந்த 14 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. கட்டாயக் குறைந்தபட்ச விலையாக இருந்தது 2009-10 முதல் நியாயமான, ஆதாய விலையானது. அதற்கு மேல் தமிழ்நாடு அரசு பரிந்துரை விலை ஒன்றையும் அறிவித்துவந்தது. 2016-17 பருவத்தில் டன்னுக்கு மத்திய விலை 2,300 ரூபாய், மாநிலம் சேர்த்தது 450, போக்குவரத்துக்கு 100, ஆக 2,850. தனியார் ஆலைகள் அந்த மாநிலப் பங்கை ஏற்க மறுத்தன. விவசாயிகள் அதைப் பாக்கி என்றார்கள். ஆலைகள் சட்டப்படித் தம்மைக் கட்டுப்படுத்தாத பரிந்துரை என்றன.

கணக்குப் புத்தகத்தில் இந்தச் சச்சரவு ஒரே கேள்வியாகச் சுருங்குகிறது. பணம் கொடுக்க நேரிடும் வாய்ப்பே அதிகம் என்றால் அதற்கு ஒதுக்கீடு செய்து செலவில் எழுத வேண்டும். நேரிடலாம் என்ற அளவில் மட்டும் இருந்தால் அடிக்குறிப்பில் சொன்னால் போதும். ஒரு லட்சம் டன் அரைத்த ஆலைக்கு டன்னுக்கு 450 ரூபாய் என்றால் 4.5 கோடி ரூபாய். ஒதுக்கீடு செய்தால் அத்தனையும் செலவு. அடிக்குறிப்பானால் லாபம் ஒரு பைசா குறையாது. தாமத வட்டிக்கும் இதே நிலைதான். 2018-இல் தமிழ்நாடு கரும்புக் கொள்முதல் விலை ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, வருவாய்ப் பங்கீட்டு முறையைக் கொண்டுவந்தது. அதன்பின் பரிந்துரை விலைச் சச்சரவு புதிதாக வளரவில்லை. ஆனால் பருவம் முழுதும் கிடைத்த வருவாயைப் பார்த்தே பங்கு தெரியும் என்பதால், நடுக் காலாண்டுகளில் மதிப்பீடு தவிர்க்க முடியாததாயிற்று.

காலாண்டு முடிவுகளுக்கு முழுத் தணிக்கை கட்டாயமில்லை. பெரும்பாலும் தணிக்கையாளர் வரையறுக்கப்பட்ட சீராய்வு மட்டுமே செய்கிறார்: விசாரிக்கிறார், எண்களை ஒப்பிடுகிறார், கண்ணில் பட்ட பிழையைச் சொல்கிறார். நலிந்த ஆலையானால் அவர் அறிக்கையில் கனமான பகுதி, நிறுவனம் தொடர்ந்து நடக்குமா என்பது பற்றியது. தரணி சுகர்ஸ் மீது 2021-இல் சென்னையிலுள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் திவால் தீர்வு நடவடிக்கைக்கு அனுமதி அளித்தது. அப்படிப்பட்ட காலத்தில் இயக்குநர் குழுவின் அதிகாரம் தீர்வு வல்லுநர் கைக்குப் போகிறது. தொடர்ந்து நடக்கும் நிறுவனம் என்ற அனுமானம் தளர்ந்தால், ஆலையும் சரக்கும் விற்றால் என்ன வரும் என்ற விலைக்கு இறங்கும்.

பருவத் தொழில்களுக்கு 34-ஆவது தரம் ஓர் அறிவுரை தருகிறது: காலாண்டோடு, அது முடிந்த நாள்வரையான பன்னிரண்டு மாத எண்களையும் தரலாம். கட்டாயமில்லை. கட்டாயமாக்கியிருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. தமிழகத்தில் முதன்மைப் பருவத்தோடு ஜூன் முதல் செப்டம்பர்வரை சிறப்புப் பருவமும் உண்டு; ஒரு காலாண்டை முந்தைய காலாண்டோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

பட்டியல் நிறுவனம் தன் முடிவுகளின் சுருக்கத்தைப் பதிவு அலுவலகம் இருக்கும் மாநிலத்து மொழி நாளிதழிலும் வெளியிட வேண்டும் என்று 2024வரை சொல்லிவந்தது செபியின் 47-ஆவது விதி. அந்தத் தமிழ் விளம்பரத்தில் வருவாயும் லாபமும் இருந்தன. கரும்புப் பாக்கியை எந்தக் கொள்கைப்படி எழுதினார்கள் என்பது முழு அறிக்கையின் ஆங்கிலக் குறிப்புகளில் இருக்கும். ஆலைக்கென ஒதுக்கப்பட்ட பகுதியின் விவசாயி வேறு ஆலைக்குக் கரும்பை விருப்பப்படி கொண்டுபோக முடியாது. ஆலையிடமிருந்து பணம் வர வேண்டியவர்களில் எண்ணிக்கையில் பெரும்பான்மையோர் இந்த விவசாயிகளே. தனியார் ஆலைகள் கரும்புப் பாக்கிக் குறிப்பைத் தமிழிலும், கூட்டுறவு ஆலைகள் காலாண்டுக் கணக்கையே தமிழிலும் கோட்ட அலுவலகங்களில் ஒட்டி வைக்க அரசு ஆணையிட வேண்டும்.