முகம் செதுக்காத கல்

பள்ளியில் பிரெஞ்சுப் பாடத்தில் 'சர்க்கோஃபாழ்' என்ற சொல் வந்தது. கல்லால் ஆன சவப்பெட்டி. கிரேக்கத்தில் 'சதை தின்னி' என்று பொருள் என்றார் வாத்தியார். பையன்கள் முகம் சுளித்தோம். அசோஸ் என்ற ஊரின் கல்லில் பெட்டி செய்து பிணத்தை வைத்தால், 40 நாளில் பல் தவிர எல்லாம் கரைந்துவிடும் என்று ரோமாபுரிப் பிளினி எழுதி வைத்திருக்கிறார்.

ரோமர்கள் முன்பு பெரும்பாலும் எரித்தவர்கள்தான். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் புதைக்கும் வழக்கம் பரவியது. வசதியுள்ளவர்கள் பளிங்குப் பெட்டி செய்து, அதன் பக்கங்களில் புராணக் கதைகளைச் செதுக்கச் சொன்னார்கள். 1805இல் பிரான்சில் போர்தோ நகருக்கு அருகே அப்படி இரண்டு பெட்டிகள் கிடைத்தன. இன்று பாரிஸில் லூவ்ர் மியூசியத்தில் இருக்கின்றன. ஒன்றில், தூங்குகிற எந்திமியோனைப் பார்க்க நிலாத் தேவி வருகிறாள். மற்றதில், காதலன் கைவிட்டுப் போக, தீவில் தனியே தூங்கும் அரியாத்னியைத் தியோனிசோஸ் என்ற மதுவின் தெய்வம் தன் பரிவாரத்தோடு வந்து காண்கிறது. இறந்தவர் தூங்குகிறார், தெய்வம் வந்து எழுப்பும் என்று வீட்டார் மனதை ஆற்றிக்கொள்ள ஏற்ற கதைகள்.

இத்தகைய உருவங்களுக்கு இறந்தவரின் முகத்தையே வைப்பதுண்டு. ஆனால் இந்த அரியாத்னிக்கு உடம்பும் துணி மடிப்பும் அவ்வளவு நேர்த்தி. முகம் மட்டும் கரடாகவே நிற்கிறது. பாக்கிப் பணம் கொடுக்கவில்லையோ என்றுதான் என் குமாஸ்தா புத்திக்கு முதலில் தோன்றியது. பிறகு பாட்டி நினைவு வந்தது. அவளுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. திதியன்று பெயரைச் சொல்லித்தான் எள்ளும் தண்ணீரும் விடுகிறோம்.

நம் பக்கத்தில் இறந்தவருக்குச் சிற்பம் என்றால் நடுகல். திருவண்ணாமலை தாண்டிச் செங்கம் வட்டாரத்தில் ஏராளம். தொல்லியல் துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்று புத்தகமே போட்டது. அவற்றில் எடுத்தனூர்க் கல் எனக்குப் பிரியமானது. மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவகத்தி என்ற சேவகன் அதில் நிற்கிறான், கூடவே அவன் நாயும். தெய்வக் கதை ஒன்றும் இல்லை. மாடு பிடிக்கும் சண்டையில் செத்த ஆள், அவ்வளவுதான். ஆனால் நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

பேரனிடம் இதைச் சொன்னேன். "அந்த நாய் பிழைச்சுதா தாத்தா?" என்று கேட்டான். கல்லில் அது இல்லை.