மொழி பேசிய முழவும் கொம்பும்

1740ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேற்றமாக விளங்கிய தென் கரோலினாவில் அடிமைகளை அடக்குதற்கென ஒரு சட்டம் இயற்றப்பெற்றது. அடிமைகளுக்கு எழுதக் கற்பித்தல் அதனால் குற்றமாயிற்று. முரசறைதலும் கொம்பூதுதலும் அவ்வாறே தடுக்கப்பெற்றன. தம் நிலத்தில் அவை ஒலிக்க இடங்கொடுத்த உடைமையாளர் 10 பவுண்டு தண்டம் செலுத்த வேண்டும். ஒருவரையொருவர் கூட்டவும் குறிப்புணர்த்தவும் அக்கருவிகள் பயன்படக்கூடும் என்று சட்டமே காரணமும் கூறிற்று.

அவ்வச்சத்தின் தோற்றுவாய் முந்தைய ஆண்டில் உள்ளது. 1739 செப்டம்பர் 9, ஞாயிற்றுக்கிழமையன்று, ஸ்டோனோ ஆற்றின் அருகே ஏறத்தாழ இருபது அடிமைகள் ஒரு கடையைத் தாக்கிப் படைக்கலங்களைக் கைப்பற்றினர். ஸ்பானியர் ஆண்ட புளோரிடாவை அடைந்தால் விடுதலை கிட்டும் என்பது அவர்தம் நம்பிக்கை. கொடி உயர்த்தி, இரு முரசுகள் முழங்கத் தெற்கு நோக்கி நடந்தனர். முழக்கம் கேட்டு வழியிலும் பலர் வந்து சேர்ந்தனர். மாலைக்குள் குடியேறியோரின் படை அவர்களை முறியடித்தது.

ஆப்பிரிக்க முழவொலியை வெற்றிரைச்சல் என எழுதிச் சென்ற பயணிகள் பலர். அவர்களைவிட, அஞ்சிச் சட்டம் செய்தோரே அதனைச் சரியாகச் செவிமடுத்தனர் எனல் வேண்டும். மேற்கு, நடு ஆப்பிரிக்க மொழிகள் பலவற்றில் எடுத்தல், படுத்தல் ஓசைகளால் சொல்லின் பொருளே வேறாகும். அவ்வோசையை முழவில் எழுப்பினால் முழவு பேசும். நம் உடுக்கைபோல் இடை சிறுத்த யொரூபா மக்களின் துந்துன் முழவில், வாரை இறுக்கியும் தளர்த்தியும் இதனைச் செய்வர்.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. காங்கோவில் பல்லாண்டு வாழ்ந்த சமயத் தொண்டர் ஜான் காரிங்டன் 1949இல் வெளியிட்ட நூலில் அதனை விளக்கினார். கேலே மொழியில் நிலவு, கோழி, ஒருவகை மீன் ஆகிய மூன்று சொற்களுக்கும் ஓசையமைப்பு ஒன்றே. ஆகவே முழவறைவோர் தனிச்சொல்லை விடுத்து, நிலத்தை நோக்குவதாக நிலவையும், கூவும் ஒலியால் கோழியையும் அடைகொடுத்து நீட்டினர். பொருள் மயங்காமைக்கென எழுந்த அடைமொழி, கவிஞர்க்கு உரிய கருவியாக நின்றது!

கானாவின் அக்கான் மக்களது அட்டும்பன், ஆண் பெண் எனப்படும் இரட்டை முழவு. அதற்கு யானைச் செவித்தோல் போர்த்துவதும் உண்டு. அறையத் தொடங்குங்கால் முழவு முதலில் விளிப்பது தலைவனை அன்று. தனக்கு உடலீந்த மரத்தையும் தோலீந்த யானையையுமே. யானைத் தந்தத்தைக் குடைந்து, பக்கவாட்டில் வாய்த்துளையிட்ட கொம்புகளும் அசாந்தி அரசவையில் இவ்வாறே புகழ் மொழிந்தன. 'பறைதல்' என்பதற்குச் சொல்லுதல் என்றே பொருள்கொள்ளும் மொழியினர்க்கு இவை விளங்காமற்போகா.

கடல் கடந்த மண்ணில் முழவை ஒடுக்கியது சட்டம் மட்டுமன்று. பல மொழியினரை ஒரே நிலத்தில் கலந்து நிறுத்தியபோதே முழவு தன் மொழியை இழக்கத் தொடங்கியது. பேரப்பிள்ளைகள் ஆங்கிலம் பேசினர்; முழவு சொன்ன சொற்கள் மீளவில்லை. தாளம் மட்டும் பிழைத்தது. கரோலினா, ஜார்ஜியாக் கடற்கரை ஊர்களில் வழிபாட்டு வட்ட ஆட்டத்துக்குக் கைத்தட்டலும், மரத்தரையில் கோலூன்றித் தட்டும் ஓசையுமே முழவாயின.

தோலும் குழலும் வேறொரு வாயில் வழியாகவும் பிழைத்தன. வெள்ளையர் படைப்பிரிவுகளில் குழலூதவும் முரசறையவும் கறுப்பின மக்கள் அமர்த்தப்பெற்றனர். அப்படைக்குழல், மிசிசிப்பி மாநிலத்தின் வடபகுதி உழவர் கையில் விழாக்காலக் குழலாயிற்று. அவருள் பெயர்பெற்றவர் ஓத்தா டர்னர் (1907–2003). ஆற்றோரத்தில் வளரும் மூங்கிலினத் தண்டை நறுக்கி, நெருப்பிற் காய்ச்சிய இரும்புக் கம்பியால் துளையிட்டுத் தம் குழலைத் தாமே செய்துகொண்டார். பெரும்பாணாற்றுப்படையின் இடையனும் மூங்கிலில் தீயாலன்றோ துளையிட்டான்!

2003 பிப்ரவரியில் டர்னர் மறைந்தார். இடுகாட்டுக்குச் சென்ற ஊர்வலத்தின் முன்னே முரசுகள் முழங்கின. அவற்றுக்கும் முன்னால், சிறுமியாக இருந்த அவருடைய பேத்தி சார்டே தாமஸ் குழலூதிக்கொண்டு நடந்தார்.